ஏற்காடு மலைப்பாதையில் நோயாளியைக் குலுங்காமல் இறக்குவது எப்படி?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஆம்புலன்சில் நோயாளிகளைக் கூட்டி வருவது என் வேலை. இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடியே வந்தார். "கண்ணு, மெதுவா போகச் சொல்லு கண்ணு" என்றார். வண்டி மெதுவாகத்தான் போனது. ஸ்ட்ரெச்சரை வண்டித் தளத்தோடு பிடித்து வைக்கும் லாக்கின் ரப்பர் தேய்ந்திருந்ததை நான்தான் கவனிக்காமல் விட்டிருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன் உலுக்கிப் பாருங்கள்

காலி ஸ்ட்ரெச்சரை லாக் செய்து, இரண்டு கையாலும் முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால், அந்தச் சத்தம் அத்தனையும் நோயாளியின் முறிந்த எலும்புக்குப் போகும். அன்றே சரிசெய்யச் சொல்லுங்கள். டயர் சூடாகும் முன், காலையிலேயே காற்றைப் பார்த்துவிடுங்கள். மெத்தென்று ஓடும் என்று நினைத்துக் காற்றைக் குறைக்கக் கூடாது. வளைவில் அது ஆபத்து.

2. இடைவெளியை நிரப்புங்கள்

மெத்தை தடிமனாக இருந்தால் அதிராது என்று பலரும் நினைக்கிறார்கள். ரொம்ப மெத்தென்ற ஃபோம், பள்ளத்தைத் தாண்டிய பிறகும் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். வேக்குவம் மெத்தை இருந்தால் அதுதான் நல்லது. காற்றை உறிஞ்சியதும் உடம்பின் வடிவத்திலேயே இறுகி நிற்கும். இல்லாவிட்டால் போர்வைகளைச் சுருட்டி இரண்டு விலாப் பக்கமும் அணைகொடுங்கள். முறிந்த காலுக்கு முதலில் சிம்பு (அசையாமல் பிடிக்கும் மட்டை) கட்டுங்கள், அப்புறம் அதைச் சுற்றியுள்ள இடைவெளியை நிரப்புங்கள்.

3. இறக்கத்தில் தலையை மறக்காதீர்கள்

சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று தோன்றாது. நோயாளியின் தலை டிரைவர் பக்கம் இருக்கும். மலை இறங்கும்போது வண்டியின் முன்பக்கம் தாழ்வதால், கால் மேலேயும் தலை கீழேயும் போய்விடும். பிரேக் பிடிக்கப் பிடிக்க உடம்பும் ரத்தமும் தலைப்பக்கம் தள்ளப்படும். தலையில் அடிபட்டவருக்கும் மூச்சுத் திணறல் உள்ளவருக்கும் இது நல்லதல்ல.

முதுகுத்தண்டில் அடி என்ற சந்தேகம் இல்லை, ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது என்றால் தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்துங்கள். சந்தேகம் இருந்தால் முதுகை மடக்கவே கூடாது. மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு பெல்ட்டோடு நிறுத்தாமல் தோள் பெல்ட்டும் போடுங்கள். பிரேக்கில் உடம்பு தலைப்பக்கம் சறுக்காமல் பிடிப்பது அதுதான்.

4. டிரைவரும் நீங்களும் பேசிக்கொண்டே வாருங்கள்

வளைவுக்கு முன்பே வேகம் குறைய வேண்டும். வளைவுக்குள் பிரேக் மிதித்தால் நோயாளி முன்னாலும் பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் தள்ளப்படுவார். கீழ் கியரில் இறங்கினால் பிரேக்கை அடிக்கடி தொட வேண்டியதில்லை.

"வளைவு", "மேடு" என்று டிரைவர் முன்கூட்டியே குரல் கொடுக்கட்டும். நீங்கள் ஊசி போட வேண்டுமென்றால், "அண்ணா, ஒரு நிமிஷம் ஓரமா நிறுத்துங்க" என்று கேளுங்கள். ஓடும் வண்டியில் நாலு முறை குத்துவதைவிட அது மேல்.

வேகத்தடைக்கு, சாலை அமைப்பு விதிகளை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீ. அகலம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான அளவு அது. கீழே வந்ததும் குறுகலாக, செங்குத்தாக இருப்பவற்றைப் பார்ப்பீர்கள். அவற்றை நடை வேகத்தில், இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராகக் கடக்க வேண்டும். சாய்த்து ஏற்றினால் நோயாளி இடமும் வலமும் உருளுவார். அவசரமாயிற்றே என்று தோன்றும். 5 கி.மீ. தூரத்தை 60-க்குப் பதில் 50-ல் போனால் கூடுவது ஒரே ஒரு நிமிடம்.

5. போனில் அளந்து பாருங்கள்

ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் (phyphox) செயலி இலவசம். போனின் குலுக்கலை அளந்து கோட்டுப் படமாகக் காட்டும். ஓய்வு நாளில் ஸ்ட்ரெச்சரில் அரிசி மூட்டைகளைப் பரப்பிக் கட்டுங்கள். போனை மேலே டேப்பால் ஒட்டி, ஒரே சாலையில் ஒரே வேகத்தில் இரண்டு முறை போய்வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: மெத்தை அல்லது லாக் ரப்பர். எது உதவுகிறது என்று கோடுகளின் உயரமே காட்டிவிடும்.

6. இறக்கும்போது

வழியெல்லாம் பார்த்துப் பார்த்து வந்துவிட்டு, அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தடாலென்று போட்டுவிடாதீர்கள். சக்கரக் கால்கள் முழுதாக விரிந்து 'டக்' என்று பூட்டிய சத்தம் கேட்ட பிறகே முழுவதும் வெளியே இழுக்க வேண்டும். அதுவரை ஒரு கை ஸ்ட்ரெச்சரின் கீழேயே இருக்கட்டும்.