கொச்சி யூதத் தெருவுக்கு ஒருநாள் பயணமா? சனிக்கிழமை வேண்டாம்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் யூதர் வரலாற்றைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கிழமையைப் பாருங்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள்; யூதத் தெருவில் அவர்கள் வழிபடும் பரதேசி ஜெபாலயம் (சினகாக்) பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமையும் சீக்கிரமே மூடிவிடுவார்கள். யூதப் பண்டிகை நாட்களிலும் இதே கதைதான். ஞாயிறு முதல் வியாழன் வரை, காலையிலேயே போய்விடுவது நல்லது.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1568இல் கட்டிய ஜெபாலயம் இது. சரவிளக்குகளை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே வெளியே வந்துவிடாதீர்கள், கீழேயும் பாருங்கள்: சீனாவிலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. எனக்கு அங்கே பிடித்ததே அந்தத் தரைதான்.

வழிகாட்டி இருந்தால் அந்தக்கால யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த செப்பேடுகளைப் பற்றி அவசியம் கேளுங்கள். அவை நம் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை!

பக்கத்திலேயே மட்டாஞ்சேரி அரண்மனை. மதியத்துக்கு மேல் நேரமிருந்தால் கொச்சிக்கு வடக்கேயுள்ள பரவூர், சேந்தமங்கலம் ஜெபாலயங்களுக்கும் வண்டி பேசிக்கொள்ளுங்கள். இரண்டும் இப்போது அருங்காட்சியகங்கள். அங்கே கூட்டம் குறைவு, நிதானமாகப் பார்க்கலாம்.