விநோத விடுதி தொடங்குகிறீர்களா? முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள்

நான்கைந்து அறைகள், காலை உணவு, வீட்டுக்காரரே எல்லா வேலைக்கும் ஆள். கூடவே வேறெங்கும் கிடைக்காத ஏதோ ஒன்று: பழைய பேருந்தைப் பிரித்துச் செய்த படுக்கையறை, கூரைக்கடியில் ஒரு பரண் அறை, தரை முதல் உத்தரம் வரை புத்தகம். இப்படிச் சின்ன விடுதி தொடங்குகிறவர்களில் சிலர் திறப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுகிறார்கள். போய்ப் பார்த்தால், ஆரம்பத்தில் நான் செய்த அதே தப்புகள், ஏறக்குறைய அதே வரிசையில் இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும், போனை எடுக்க வேண்டும், சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதைச் சொல்லித்தர வேண்டியவர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை.

ஓர் அறையை இரண்டாக்குவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனசு பொறுக்காத தவறு இது.

பெரிய அறை ஒன்று இருக்கும். நடுவில் தடுப்பு போட்டால் இரண்டு அறை, இரண்டு வாடகை. தச்சர் வந்து சட்டம் அடித்து, பிளைவுட் பொருத்திவிட்டுப் போவார். அதன்மேல் அழகான ஓவியமும் வரைந்துவிடுவார்கள். கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஆள் தங்கும் முதல் இரவில்தான் விஷயம் வெளியே வரும்.

புதிதாக விடுதி திறந்த தம்பதி ஒருவர் வீட்டில் இப்படித்தான். தடுப்பு முழுக்கக் காடு, பறவைகள் என்று பிரமாதமாக வரைந்திருந்தார்கள். காலை உணவு மேசையில் ஒரு பெண்மணி, எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெரியவரிடம், "ராத்திரி அவ்வளவு இருமினீங்களே, இப்போ பரவாயில்லையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். பெரியவரின் மனைவி முகம் மாறிவிட்டது. இருமல் மட்டுமா கேட்டிருக்கும்? இரண்டு குடும்பமும் புகார் எதுவும் சொல்லவில்லை. இரண்டு குடும்பமும் மறுபடி வரவும் இல்லை.

சாதாரணப் பேச்சு 60 டெசிபெல் அளவில் இருக்கும். பலமான குறட்டை அதை எட்டிவிடும். படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, திடீர்ச் சத்தம் 45-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே வழிகாட்டியிருக்கிறது. ஒற்றைப் பிளைவுட் தடுப்பால் அந்த அளவுக்குச் சத்தத்தைக் குறைக்கவே முடியாது. பலகையைக் கனமாக்கினால் போதும் என்பார்கள். எடையை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது சுமார் 6 டெசிபெல்தான். அதை மறுபடி இரட்டிப்பாக்கினால் இன்னொரு ஆறு. அந்த வழியில் போனால் பணம்தான் கரையும்.

வேலை செய்வது வேறு முறை. ஒன்றையொன்று தொடாத இரண்டு சட்டங்கள், நடுவே இடைவெளி, அதில் கனிமக் கம்பளி (ராக்வூல் போன்ற நார்ப் பொதி), இரு பக்கமும் ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு, ஓரங்களில் ஒரு கீறல்கூட விடாமல் அடைப்பு. தடுப்பு பொய்க்கூரையோடு (ஃபால்ஸ் சீலிங்) நின்றுவிடக் கூடாது. அதைத் தாண்டி மேல்தளம் வரை போக வேண்டும். நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் இது. கீழே சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பொய்க்கூரைக்கு மேலே இருக்கும் வெற்றிடம் வழியாகப் பேச்சு ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும். முதுகோடு முதுகாக வைத்த சுவிட்ச் பெட்டிகளும், கதவுக்கடியில் விட்ட இடைவெளியும் இப்படித்தான். சுவரில் முட்டை அட்டையும் நுரைப் பஞ்சும் ஒட்டுவதும் வீண். நுரை அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, சத்தம் அந்தப் பக்கம் போவதைத் தடுக்காது.

தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். மேல்மாடிக் கழிவறையின் கழிவுநீர்க் குழாய் கட்டில் தலைமாட்டுச் சுவருக்குள் இறங்கினால், யாராவது நடுராத்திரி தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கீழே படுத்திருப்பவர் விழித்துக்கொள்வார். கட்டிலை இடம் மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் ரப்பர் வைத்த கவ்விகள் போட்டு, குழாயைச் சுற்றிக் கனமான உறை கட்டச் சொல்லுங்கள்.

திறந்த பிறகு இதையெல்லாம் சரிசெய்வதுதான் கொடுமை. இரண்டு அறையையும் மூட வேண்டும், வந்த புக்கிங்குகளை ரத்து செய்து பணத்தைத் திருப்ப வேண்டும், உடைக்கும் சத்தத்தில் பக்கத்து அறைகளும் வாடகைக்குப் போகாது. சுவர் புதிதாகிவிடும், "பக்கத்து அறை பேச்செல்லாம் கேட்டது" என்று எழுதிய ரிவ்யூ அப்படியே நிற்கும். அந்தத் தம்பதி ஓவியத்துக்குக் கொடுத்தது, தடுப்புக்குக் கொடுத்ததைவிட அதிகம். என்னால் இன்றுவரை அதை ஜீரணிக்க முடியவில்லை. விநோதம் விருந்தாளியை வாசல்வரை கூட்டிக்கொண்டு வரும். அவர் பணம் கொடுப்பது அன்றைய ராத்திரித் தூக்கத்துக்கு.

அதனால் தடுப்பு போட்டதும், திறக்கும் முன் ஒரு சோதனை. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் ஓர் அறையில் போனில் பேசட்டும், இன்னொருவர் பக்கத்து அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கட்டும். என்ன பேசினார் என்று வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொல்ல முடிந்தால் அந்த அறையை விற்கக் கூடாது. திறப்பதற்குள் எல்லா அறையிலும் நீங்களே ஒரு முழு இரவு தூங்கிப் பாருங்கள். ஒழுங்கான சுவருக்குப் பணம் இல்லையென்றால் பெரிய அறையைப் பெரிய அறையாகவே விடுங்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

கடிகாரச் சேகரிப்பு

படுக்கையறையில் வேண்டாம். கூடத்தில் மாட்டுங்கள்.

விநோதத்தைப் படத்தில் ஒளிப்பது

பரண் அறைக்குச் செங்குத்தான சுழல் படி. படம் போடும்போது படியை மட்டும் தவிர்த்துவிட்டு, சாளரத்தையும் கட்டிலையும் போட்டிருந்தார் ஒரு புதியவர். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்தவர் அதை நம்பி வந்து இறங்கினார். கீழே காலி அறை இல்லை. அன்று ராத்திரி அவருக்கு வேறிடம் தேடி அலைந்ததை அந்தப் புதியவரே சொன்னார்.

படி எத்தனை, உத்தரம் எவ்வளவு தாழ்வு, பெரிய பெட்டியை மேலே தூக்க முடியுமா, குளியலறை பொதுவா தனியா, எல்லாவற்றையும் படத்தோடு முதலிலேயே போடுங்கள். சிலர் விலகிப் போவார்கள், போகட்டும். ஏறி இறங்கச் சிரமமில்லாதவர்கள் அந்தப் படிக்காகவே வருவார்கள்.

சுடுநீரைச் சராசரியில் கணக்கிடுவது

நாள் முழுக்கச் செலவாகும் தண்ணீரை வைத்து ஹீட்டர் வாங்குகிறார்கள். குளிப்பது எல்லோரும் ஒரே மணி நேரத்தில். ஷவரில் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் ஓடும். ஒருவர் எட்டு நிமிடம் குளித்தால் 70 லிட்டர் பக்கம். நான்கு அறை என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரம் மிச்சம் என்று தொட்டியின் வெப்பத்தைக் குறைத்து வைப்பது இதைவிட மோசம். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையான நீரில் நன்றாகப் பெருகும். நீர்த்துளியாக மூச்சில் போனால் கடுமையான நிமோனியா. 1976-ல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்கள் கொத்தாக நோயுற்றதை ஆராய்ந்தபோதுதான் இது கண்டுபிடிக்கப்பட்டது. தொட்டியில் 60 டிகிரி வையுங்கள், குழாய்ப் பக்கம் கலப்பு வால்வு போட்டுச் சூட்டைக் குறையுங்கள். சீசன் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் அறைகளில் வாரம் ஒருமுறை எல்லாக் குழாயையும் ஷவரையும் திறந்து ஓடவிடுங்கள். சின்ன விடுதியில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் அறை சகஜம், அதனால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

பழைய மரச்சாமானை நேராக அறைக்குள் கொண்டுபோவது

விநோத விடுதிக்காரர்களுக்குப் பழைய கட்டில், பழைய நாற்காலி என்றால் கை நிற்காது. மூட்டைப்பூச்சி வருவதும் அப்படித்தான். இணைப்புகள், ஆணித் துளைகள், மெத்தைத் தையல் ஓரம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். வந்துவிட்டால் அறையைச் சில வாரம் பூட்டி வைப்பது உதவாது. உணவில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். துணிகளை 60 டிகிரியில் துவையுங்கள். முட்டை பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால், மருந்தடித்தவரை இரண்டாம் முறையும் கட்டாயம் வரச் சொல்லுங்கள்.

ஒவ்வாமையை மேசையில் கேட்பது

புக்கிங்கின்போதே கேளுங்கள். தட்டு வந்தபிறகு கேட்டுப் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில், உணவில் ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்கள் இருந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஊரில் சட்டம் கேட்காவிட்டாலும் அந்தப் பட்டியலை அடுக்களையில் ஒட்டி வையுங்கள்.

இரண்டு புக்கிங் இணையதளம், ஒரே அறை

காலண்டர் இணைப்பு உடனுக்குடன் ஓடும் என்று நம்பாதீர்கள். சில இணைப்புகள் புதுப்பிக்க மணிக்கணக்கில் எடுக்கும். அதற்குள் ஒரே அறைக்கு இரண்டு பேர் பணம் கட்டிவிடுவார்கள். சேனல் மேனேஜர் (எல்லாத் தளங்களின் காலண்டரையும் ஒன்றாக நிர்வகிக்கும் மென்பொருள்) வாங்க முடியாவிட்டால் ஒவ்வோர் அறையையும் ஒரே தளத்தில் மட்டும் போடுங்கள்.

நீங்கள் படுக்கும் அறையை விற்பது

கூட்டம் அதிகமான நாளில் தன் அறையையும் கொடுத்துவிட்டுச் சமையலறையில் பாய் விரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சீசன் தாங்கும். அடுத்த சீசனில் சிடுசிடுப்பு வரும், அதற்கடுத்து விடுதியை விற்கும் பேச்சு வரும். காலண்டரைத் திறக்கும் அன்றே உங்கள் அறையையும் உங்கள் ஓய்வு நாள்களையும் முதலில் அடைத்துவிட்டு, மிச்சத்தை விற்பனைக்கு விடுங்கள்.