பசுமைப் பள்ளிக்கூடம் கட்டப்போய்க் கோட்டை விடும் இடங்கள்

கடலூர் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளிக்குப் போயிருந்தேன். பங்குனி மாதம், மதியம் மூன்று மணி. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மொத்தப் பேரும் கிழக்குச் சுவரை ஒட்டி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் பாதி அறைக்குப் பாய் விரித்திருந்தது. டீச்சர் ஜன்னல் கண்ணாடியில் காலண்டர் அட்டை ஒட்டிப் பார்த்திருக்கிறார். அறை இருட்டாகிவிட, பட்டப்பகலில் டியூப்லைட். மாடியில் சோலார் பலகை பளபளத்தது.

தவறு நடந்தது மனையில் கயிறு பிடித்த அன்றே. கடலூர்–புதுச்சேரி சாலை தெற்கு வடக்காக ஓடுகிறது. "ரோட்டப் பாத்து வச்சாத்தான் சார் லட்சணம்" என்று வகுப்பறைகளைச் சாலைக்கு இணையாக வரிசை போட்டால், காலை வெயில் முன்பக்கம், மாலை வெயில் பின்பக்கம். சாய்ந்து வரும் வெயிலை இரண்டடி சன்ஷேடு தடுக்காது. அதே வரிசையை மனையின் ஆழத்துக்குத் திருப்பி, ஜன்னல்களைத் தெற்கிலும் வடக்கிலும் வைத்தால் அந்த இரண்டடியே பெரும்பாலும் போதும். கடல்காற்று கிழக்கிலிருந்துதானே வருகிறது என்பார்கள். மதியத்தில் அது தென்கிழக்காகத் திரும்பும். தெற்கு ஜன்னல் அதைப் பிடித்துக்கொள்ளும். புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை 1930களில் கட்டடக் கலைஞர் ஆன்டோனின் ரேமண்ட் இப்படித்தான் வடக்கு தெற்காகத் திறந்து வடிவமைத்தார். ஏ.சி. இல்லாமல்தான் அங்கே ஆட்கள் தங்குகிறார்கள்.

அடுத்தது ஜன்னல் உயரம். சில் மட்டம், அதாவது தரையிலிருந்து ஜன்னலின் அடிவிளிம்பு, மூன்றடி என்பது மேஸ்திரிகளின் கையில் ஊறிப்போன அளவு. வீட்டுக்குச் சரி. தரையில் உட்காரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உச்சந்தலை இரண்டடிச் சொச்சம்தான். நாற்காலியில் இருக்கும் டீச்சருக்குக் காற்று வரும். பிள்ளைக்குத் தலைக்கு மேலே போய்விடும். தரைத்தளத்தில் ஒன்றரை அடிக்கு இறக்கி, நெருக்கமான கம்பி போடுங்கள். எதிர்ச்சுவரில் காற்று வெளியேற வழி வேண்டும். வந்த காற்றுக்குப் போக இடமில்லையென்றால் வரவும் வராது.

கூரையைத்தான் எல்லாரும் கடைசியில் நினைக்கிறார்கள். சித்திரை பிறந்த ஒரு வாரத்தில் இங்கே உச்சிவெயில் நேர் தலைக்கு மேல். ஆவணித் தொடக்கத்தில் மறுபடியும். வெறும் கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மதியமெல்லாம் கீழே இறக்கும். மேலே சுருக்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த கலவை) போட்டுத் தட்டோடு பதிப்பது நம் பழைய வழக்கம். காசில்லையா, வருஷா வருஷம் வெள்ளை அடியுங்கள். இதைச் செய்யாமல் சோலார் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்று கடையில் விற்கும் மின்சிக்கன விசிறி 30 சொச்சம். முதலில் அதை மாற்றிவிட்டு எத்தனை பலகை வேண்டும் என்று கணக்குப் போடலாம். பலகையைக் கட்டும்போது ‘தானே’ புயலை நினைத்துக்கொள்ளுங்கள்: 2011 டிசம்பர் 30, கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்.

இயற்கை என்றால் கீற்றுக்கொட்டகை என்று சிலருக்கு ஆசை. சிற்றுண்டிக் கடைக்கு இருக்கட்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் பள்ளிக்கூடத்தில் கீற்றைப் பற்றிப் பேசக் கூடாது.

மண் கல் நல்ல யோசனை. ஆரோவில்லில் சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்கிறார்கள், சூளை வேண்டாம். ஆனால் மண்ணைச் சோதிக்காமல் கிடைத்ததை அள்ளி அழுத்தக் கூடாது. களிமண் அதிகமானால் கல்லில் வெடிப்பு விழும். மழைச்சாரல் தெறிக்கும் அடிமட்டத்தில் வேறு கல் வையுங்கள். கடலோரத்தில் கம்பியைச் சுற்றிப் போதிய கான்கிரீட் நிற்க வைக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கில் கஞ்சத்தனம் செய்தால் உப்புக்காற்று சில வருஷத்திலேயே தூணைப் பிளக்கும்.

மரம்: கட்டடத்தை ஒட்டித் தூங்குமூஞ்சி வேண்டாம், கிளை முறியும். மேற்குப் பக்கம் புங்கை, பூவரசு போதும்.

பேஸ்மட்ட உயரத்தை வரைபடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள்: "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு ஆயா? ஃபெஞ்சல் புயலுக்கு?" அவர் எழுந்துபோய்ச் சுவரில் கை வைத்துக் காட்டுவார். அங்கே கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் ஓர் அடி சேர்த்துக்கொள்ளுங்கள்.