பாலைவனப் பள்ளத்தாக்குகளில் கணவன் மனைவி கார்ப் பயணம்: யூட்டா, அரிசோனாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

லாஸ் வேகஸில் கார் எடுத்து, சயான், பிரைஸ், கேப்பிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் ஆகிய தேசியப் பூங்காக்கள், மானுமென்ட் வேலி, பேஜ் ஊர், கிராண்ட் கேன்யன் எல்லாம் பார்த்துவிட்டு அதே ஊருக்குத் திரும்பும் சுற்று இது. ஊர்விட்டு ஊர் போக மட்டும் சுமார் 1,200 மைல். பூங்காக்களுக்குள் ஓட்டுவதையும் சேர்த்தால் 1,500-ஐத் தொடும். இங்கே திட்டம் கெடுவது பெரும்பாலும் வெயிலாலும் தண்ணீராலும்தான், தூரத்தால் அல்ல. அதனால் முதலில் மைல் கணக்குப் போடாதீர்கள். காலை பத்து மணிக்குள் எந்த நடையை முடிப்பது என்பதை முடிவு செய்துவிட்டு, மிச்ச நேரத்தில் காரோட்டத்தை வையுங்கள்.

படி 1: மாதம்

செப்டம்பர் மூன்றாம் வாரம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மிக நல்லது. வசந்தத்தில் பனி உருகி வர்ஜின் ஆறு பெருகும். விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால், அந்த ஆற்றுக்குள்ளேயே குறுகிய பள்ளத்தாக்கில் நடக்கும் சயானின் நேரோஸ் நடையை மூடிவிடுவார்கள். ஜூனில் வெயில் கொளுத்தும். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை பிற்பகல் இடிமழைக் காலம். திடீர் வெள்ளமும் மின்னலும் அப்போதுதான் அதிகம். அக்டோபரிலும் பிரைஸில் இரவு உறைநிலைக்குக் கீழே போகலாம், கனமான ஜாக்கெட் இருவருக்கும் வேண்டும்.

படி 2: ஒன்பது இரவுகள்

ஸ்பிரிங்டேல் (சயான் வாசல்) 2, பிரைஸ் 1, டோரி (கேப்பிடல் ரீஃப் அருகே) 1, மோவாப் (ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் அருகே) 2, பேஜ் 2, கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 1. வேகஸிலிருந்து ஸ்பிரிங்டேல் 160 மைல், அங்கிருந்து பிரைஸ் 85, டோரி 120, மோவாப் 150. மோவாபிலிருந்து மானுமென்ட் வேலி வழியாகப் பேஜ் 270 மைல். பேஜிலிருந்து கிராண்ட் கேன்யன் 135, கடைசியாக வேகஸுக்கு 280. இதை ஆறு நாளில் அடக்கப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு பூங்காவையும் நண்பகல் வெயிலில்தான் பார்ப்பார்கள். நாள் குறைவாக இருந்தால் மோவாபை அடுத்த பயணத்துக்குத் தள்ளிவையுங்கள். மற்ற இடங்களையாவது நிதானமாகப் பார்க்கலாம்.

படி 3: கார், பாஸ், அனுமதிகள்

சாதாரண செடான் கார் போதும், ஊர்விட்டு ஊர் போகும் வழி எல்லாமே தார்ச்சாலை. ஆனால் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்சாலையைத் தடை செய்கின்றன. அங்கே சேதமானால் காப்பீடு கைகொடுக்காது. மானுமென்ட் வேலியின் 17 மைல் சுற்று அப்படிப்பட்ட மண்சாலை. அங்குள்ள நவஹோ பழங்குடி வழிகாட்டிகளின் ஜீப்பில் போவதே நல்லது. இருவரும் ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இந்திய உரிமத்தோடு வருபவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துவாருங்கள்.

தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டுப் பாஸ் ஒன்று வாங்கினால் காரில் உள்ள இருவருக்கும் சேரும். 2026 முதல் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250 டாலர். இந்தப் பாஸ் மானுமென்ட் வேலியிலும், பேஜ் அருகே உள்ள குறுகிய பாறை வெடிப்பான ஆன்டிலோப் கேன்யனிலும் செல்லாது, அவை நவஹோ மக்களின் நிலம். பேஜ் அருகே கொலராடோ ஆறு வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டிலும் செல்லாது, அங்கே வண்டி நிறுத்தக் கட்டணம் பேஜ் நகராட்சிக்குப் போகிறது.

சயானின் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்தான பாறை முகட்டில் ஏற 2022 ஏப்ரல் முதல் குலுக்கல் அனுமதி கட்டாயம். முன்கூட்டிய குலுக்கலில் கிடைக்காவிட்டால், முந்தின நாள் பிற்பகல் 3 மணிக்குள் இன்னொரு முறை விண்ணப்பிக்கலாம். ஆர்ச்சஸில் 2022 முதல் சில ஆண்டுகள் நெரிசல் மாதங்களில் நுழைவு நேரத்துக்கே முன்பதிவு கேட்டார்கள். நீங்கள் போகும் ஆண்டின் விதியைப் பூங்கா தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பாதியாகக் குறைந்ததும் நிரப்புங்கள். டோரியிலிருந்து மோவாப் போகும்போது ஹாங்க்ஸ்வில்லில் நிரப்பாமல் தாண்டாதீர்கள். பிரைஸிலிருந்து டோரிக்குப் போகும் 12-ஆம் நெடுஞ்சாலையில் பல இடங்களில் சிக்னலே இருக்காது, வரைபடத்தை முன்னிரவே ஃபோனில் இறக்கிவையுங்கள். அந்தச் சாலையில் இருட்டியபின் ஓட்ட வேண்டாம். மாடுகளும் மான்களும் சாலையில் நிற்கும். எஸ்கலான்டேக்கும் போல்டருக்கும் நடுவில் இருபுறமும் சரிவாக இறங்கும் ஒடுங்கிய முகட்டின் மேல் சாலை போகிறது.

படி 4: தண்ணீரும் உப்பும்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். இருவருக்கும் சேர்த்து எப்போதும் 15 லிட்டர் காரில் இருக்கட்டும். ஒரு நாள் தேவைக்கு மேல் இருப்பது, வண்டி நடுவழியில் நின்றால் உதவி வரும்வரைக்கும் ஆகும். இங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும். வியர்க்கவில்லையே என்று தண்ணீரைத் தள்ளிப்போடுபவர்கள்தான் முதலில் சோர்ந்து விழுகிறார்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். தாகம்தான் என்று நினைத்து இன்னும் குடித்தால் நிலைமை மோசமாகும். வறுத்த உப்புக்கடலை, சிப்ஸ், ஓஆர்எஸ் பொட்டலம் ஏதாவது ஒன்றைத் தண்ணீரோடு சேர்த்தே சாப்பிடுங்கள். துணைவர் தடுமாறினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ நிழலில் உட்காரவைத்து, உடையை நனைத்து விசிறி, 911-ஐ அழையுங்கள்.

படி 5: வெள்ளம்

பாலைவனத்தில் வெள்ளம் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். இங்கே பாறை தண்ணீரை உறிஞ்சாது. பல மைல் தள்ளிப் பெய்த மழை முழுவதும் வழிந்து ஒரு குறுகிய வெடிப்புக்குள் இறங்கும். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் அப்படித்தான் உயிரிழந்தார்கள், மழை பெய்தது வெகுதூரத்தில். தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை நம்பி உள்ளே போகக் கூடாது.

நேரோஸுக்குப் போகும் காலையில் பூங்காவின் வெள்ள முன்னறிவிப்பைப் பாருங்கள். வாய்ப்பு அதிகம் என்று இருந்தால் அன்று வேறு நடை. உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், குச்சிகளும் இலைகளும் மிதந்து வந்தால், மேலிருந்து இரைச்சல் கேட்டால் உடனே பக்கத்து மேட்டில் ஏறுங்கள். வாசலை நோக்கி ஓட நேரம் இருக்காது.

படி 6: எங்கே எந்த நடை

சயானில் ஆண்டின் பெரும்பகுதி பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்த வண்டி போகாது, இலவச ஷட்டில்தான். ஏழு மணிக்குள் வரிசையில் நில்லுங்கள். நேரோஸுக்கான காலணி, நியோப்ரீன் சாக்ஸ், தடி மூன்றையும் ஸ்பிரிங்டேலில் வாடகைக்கு எடுங்கள். ஆற்றின் அடியில் உருண்டைக் கற்கள், தடி இல்லாமல் கணுக்கால் பிசகும். ஆற்று நீரைக் குடிக்காதீர்கள், நச்சுப் பாசி கண்டறியப்பட்ட ஆறு.

பிரைஸ் விளிம்பு 8,000 அடிக்கு மேல், மூச்சு வாங்குவது இயல்பு. குவீன்ஸ் கார்டன் வழியாக இறங்கி நவஹோ லூப் வழியாக ஏறும் 2.9 மைல் சுற்றுதான் எங்கள் தேர்வு. அந்த ஊசிப் பாறைகளுக்கு நடுவில் நடக்காமல் மேலே நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்புவது பெரிய இழப்பு. கேப்பிடல் ரீஃபில் ஃப்ரூட்டா பழத்தோட்டமும் ஹிக்மன் பாலம் என்ற இயற்கைப் பாறை வளைவும் பார்க்க அரை நாள் போதும்.

ஆர்ச்சஸில் டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவுக்குப் போய்வர 3 மைல், நிழலே இல்லை. சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன் கிளம்பி, ஆளுக்கொரு தலைவிளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடியலில் கேன்யன்லேண்ட்ஸின் மேசா ஆர்ச். வழியில் கறுத்த பொருக்காகத் தெரியும் மண்ணை மிதிக்காதீர்கள். அது உயிருள்ளது, ஒரு காலடித்தடம் ஆற ஆண்டுக்கணக்கில் ஆகும்.

கிராண்ட் கேன்யனில் சவுத் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் வரை போங்கள், போய்வர 3 மைல். அந்தப் பாதையில் தண்ணீர் கிடையாது. இறங்க எடுத்த நேரம்போல் இரு மடங்கு ஏறத் தேவை. கொலராடோ ஆறுவரை இறங்கி அன்றே திரும்பும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

படி 7: கடிகாரம்

கோடை நேரத்தில் யூட்டா, அரிசோனாவைவிட ஒரு மணி முன்னால். நவஹோ நிலம் அரிசோனாவுக்குள் இருந்தாலும் யூட்டா நேரத்தில் ஓடும். பேஜ் ஊரோ அரிசோனா நேரம். ஃபோன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதன் நேரத்தைக் காட்டும், அதனால்தான் பலர் ஆன்டிலோப் வழிகாட்டியைத் தவறவிடுகிறார்கள். அந்தச் சுற்றுலாக்கள் பேஜ் நேரப்படி நடக்கின்றன. ஃபோனில் நேர மண்டலத்தை ஃபீனிக்ஸ் என்று கையால் மாற்றிவையுங்கள்.

படி 8: இருவருக்குள் பேசிவைக்க வேண்டியது

நடை தொடங்கும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். உயரத்துக்குப் பயப்படுபவரை ஏஞ்சல்ஸ் லேண்டிங்கின் சங்கிலிப் பகுதிக்கு வற்புறுத்திக் கூட்டிப்போகாதீர்கள், அதற்குக் கீழே ஸ்கவுட் லுக்அவுட் வரை ஏறினாலே பள்ளத்தாக்கு கண்முன் விரியும். தண்ணீரும் சாவியும் ஒரே பையில் இருக்கக் கூடாது, ஆளுக்கொரு பை. ஓட்டுபவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கடைசி நாள் 280 மைல் ஓட்ட வேண்டும், அதனால் வேகஸிலிருந்து கிளம்பும் விமானத்தை மாலைக்கு மேல் பதிவு செய்யுங்கள்.