காற்றாலை பொம்மையும் எண்ணாத பின்பாலும்

கோவையில் என் வீட்டிலுள்ள பழைய பின்பால் (சாய்ந்த மேசையில் உலோகப் பந்தை அடித்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு) இயந்திரத்தின் ஆடுதளத்தில், வலப்புறச் சரிவுப் பாதையின் வாயிலருகே, உடுமலை வழியில் காண்பது போன்ற காற்றாலை ஒன்றைச் செய்து நிறுத்தினேன். நூற்பாலையில் கழித்த காகிதக் கோன்தான் கோபுரம். உள்ளே, ஆடுதள விளக்குகளின் 6.3 வோல்ட் இணைப்பிலிருந்து எடுத்த சிறு குண்டு பல்பு. அன்று முதல் அப்பாதையில் பந்து ஏறினாலும் புள்ளி சேரவில்லை.

அவ்வாயிலில் இருப்பது, அகச்சிவப்புக் கதிரைப் பந்து மறிக்கும்போது எண்ணும் உணரி. அதைத் துடைத்தேன், இணைப்பிகளைக் கழற்றி மாட்டினேன், கதிரை அனுப்பும் உமிழியையும் அதைப் பெறும் ஏற்பியையும் புதிதாக மாற்றினேன். நான்கு நாட்கள் வீணாயின. கைப்பேசிக் கேமராவில் உமிழி ஊதாவாக ஒளிர்ந்தது, அதாவது கதிர் வந்துகொண்டுதான் இருந்தது. இயந்திரத்திலேயே உள்ள சுவிட்சுச் சோதனையிலும் விரலை நீட்டிய ஒவ்வொரு முறையும் சரியாகவே பதிவாயிற்று.

ஆடுதளத்தைத் தூக்கினால் காற்றாலை இடிக்கும் என்பதால், சோதனைக்கு முன் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி வைத்திருந்தேன் என்பது ஐந்தாம் நாள்தான் உறைத்தது. ஆடுதளத்தைத் தூக்காமல், காற்றாலையில் விளக்கு எரியும்படி விட்டுச் சோதித்தபோது, விரல் மறித்தும் உணரி அசையவில்லை. இழை சூடாகி எரியும் பல்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட அகச்சிவப்பையே மிகுதியாக உமிழும். அது ஏற்பியின் மேல் விழுந்ததால், கதிர் மறிக்கப்படவே இல்லை என்று இயந்திரம் கொண்டது.

பல்புக்குப் பதிலாக, அகச்சிவப்பு மிகச் சொற்பமாக உள்ள வெள்ளை எல்.இ.டி.யைப் பொருத்தி, ஏற்பியின் முன் 1 செ.மீ. நீளக் கறுப்புக் குழாய் உறையை (ஸ்லீவ்) மாட்டினேன். இணைப்பு ஏ.சி. ஆதலால், எல்.இ.டி. நடுங்காதிருக்க, ஏ.சி.யை டி.சி.யாக்கும் நான்கு டையோடு பிரிட்ஜும் அதைச் சீராக்கும் மின்தேக்கியும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 330 ஓம் மின்தடையும் தேவைப்பட்டன. இரண்டு வாரமாக ஒரு பந்தும் எண்ணாமல் போகவில்லை, பெரும் நிம்மதி.