ஆயுள் கைதிக்கு முன்விடுதலை மனு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு முன்விடுதலை மனு, அதாவது தண்டனை முடியுமுன்பே விடுவிக்கக் கேட்கும் மனு, எழுதுவது இப்போது பெரும்பாலும் ஜூனியர் வக்கீல்கள்தான். கைதி எண்ணிலோ பிரிவு எண்ணிலோ பிழை இருந்தால் யாராவது திருத்திவிடுவார்கள். மனுவையே கவிழ்க்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

"பதினாலு வருஷம் ஆச்சுல்ல?"

ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க. கோபால் கோட்சே வழக்கில் 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலை வழக்கில் 14 ஆண்டு என்பது மனுவை எடுத்துப் பார்ப்பதற்கான குறைந்தபட்ச சிறைவாசம்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 433ஏ, அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் (BNSS) 475. எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 2018இல் 10 ஆண்டு முடித்தவர்களை விடுவித்தது அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவின்படி, அதாவது ஆளுநரின் தண்டனைக் குறைப்பு அதிகாரத்தில். அது வருஷாவருஷம் வரும் என்று யாருக்கும் நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

"இவர் நிரபராதி"

மேல்முறையீட்டோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீட்டு விசாரணையை அதன் போக்கில் விடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பார்க்கச் சொன்னவை: குற்றம் சமூகத்தையே பாதித்ததா, திரும்பச் செய்வாரா, அதற்கான வலு இன்னும் இருக்கிறதா, உள்ளே வைத்திருப்பதில் பயன் உண்டா, குடும்ப நிலை என்ன. இதில் பாதிக்குப் பதில் சிறையில் கிடைக்காது. நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரிப்பார், போலீஸும் தனியாக அறிக்கை தரும். மனுவைப் பார்த்துப் பரிந்துரை செய்யும் அறிவுரைக் கழகத்தின் மேஜையில் இருப்பது அந்தத் தாள்கள்தான்.

பாம்பன் பக்கம் ஒரு குடும்பம். அலுவலர் வந்தது காலை பத்து மணிக்கு. மனைவி விடியுமுன்பே கடல்பாசி எடுக்கப் போய்விட்டார், வீடு பூட்டு. அலுவலர் டீக்கடையில் விசாரித்திருக்கிறார். கடையில் உட்கார்ந்திருந்தவர் செத்தவரின் சித்தப்பா! 'குடும்பம் ஆதரிக்கத் தயாராக இல்லை, வந்தால் தகராறு வரலாம்' என்று அறிக்கை போனது, மனு தள்ளுபடி. அந்த மனைவியோ மாதாமாதம் மதுரைச் சிறைக்குப் போய்க் கணவரைப் பார்த்துவந்த பெண்.

நம் கரையில் வீடு பூட்டியிருப்பது சாதாரணம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் ஆண்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போவார்கள். ஆகவே மனுவிலேயே போன் நம்பரும், வீட்டில் ஆள் இருக்கும் நேரமும் எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர் வீடு அதே தெருவில் என்றால் அக்கா வீடோ மச்சான் வீடோ, வேறு ஊர் முகவரி கொடுத்து, அவர்கள் சம்மதக் கடிதத்தையும் வையுங்கள். 'மீன்பிடித் தொழில் செய்வார்' என்று எழுதினால் போதாது. எந்தப் படகு, எந்த ஐஸ் கம்பெனி, யார் சேர்த்துக்கொள்வார்? பரோலில் அதே முகவரியில் தங்கி, சரியான நாளில் சிறைக்குத் திரும்பியிருந்தால் அதை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். ஊர்க் கமிட்டியின் நூறு கையெழுத்தை விட அது பேசும். ஜூனியர்கள் கொண்டுவரும் மனுக்களிலோ சிறையில் வாங்கிய சான்றிதழ்கள் பத்துப் பக்கம், போய்த் தங்குமிடம் 'மேற்படி விலாசம்'!

பரோல் நாளையும் 14 ஆண்டில் சேர்ப்பது

கோவா கைதிகள் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் பரோல் நாட்களைக் கழித்துவிட்டது. கழித்தே கணக்குப் போடுங்கள்.

எந்தக் கொள்கை?

தண்டனைத் தீர்ப்பு நாளில் இருந்த மாநில அரசின் முன்விடுதலைக் கொள்கைதான் அடிப்படை. பின்னால் வந்தது தாராளமாக இருந்தால் அதையும் கேட்கலாம். 2010 ஜகதீஷ் வழக்கு.

மறுப்பு ஆணையை வாங்காமல் விடுவது

கொள்கை இருக்கும் மாநிலத்தில் தகுதி வந்தவரை மனு இல்லாமலே அரசு பரிசீலிக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுதிக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் நகல் போகும். அந்த ஆணையை வாங்கிப் படித்துவிட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போங்கள்.