வேலு நாச்சியாரைப் படமாக்கப் போகிறீர்களா? அந்த எட்டு வருடத்தை விட்டுவிடாதீர்கள்

தை மாதத்திலிருந்து இதுவரை நான்கு பேர் வேலு நாச்சியார் கதையோடு என்னிடம் வந்துவிட்டார்கள். நான்கு பேரும் உழைப்பாளிப் பிள்ளைகள். ஒருவருக்குச் சொந்த ஊரே சிவகங்கைப் பக்கம்தான். நான்கு ஸ்கிரிப்ட்டையும் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். நான்கிலும் இன்டர்வல் முடிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டு வருகிறது. பாட்டில் வாள் பயிற்சி, குதிரை, மழை, மலை. பாட்டு முடிந்ததும் திரையில் எழுத்து: ‘எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு’. 1772இல் ராணி சிவகங்கையை இழந்ததற்கும் 1780இல் அதை மீட்டதற்கும் நடுவில் இருந்த எட்டு வருடம் அது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் எழுதினேன். அந்தப் படம் வெளியே வரவே இல்லை.

ராணி கையில் வாட்ச், குதிரைக்குப் பின்னால் மின்கம்பம் போன்றவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதையெல்லாம் பார்க்க ஸ்பாட்டில் ஆள் இருக்கிறார்கள். எழுதும் மேசையிலேயே நடந்துவிடும் தவறுகள்தான் என் கவலை.

வில்லன் என்றால் வெள்ளைக்காரன் மட்டும்

எல்லா ஸ்கிரிப்ட்டிலும் சிவப்புக் கோட்டு போட்ட ஒரு துரை வருகிறார், கத்துகிறார், வரி கேட்கிறார். ஆற்காட்டு நவாப் ஒரு சீனில் தலைகாட்டுவார், அல்லது அதுவும் கிடையாது.

1772இல் சிவகங்கையிடம் கப்பம் கேட்டவர் நவாப் முகமது அலி. அதை வசூலிக்க வந்த படை கும்பினியுடையது, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. நவாப் கும்பினிக்குக் கடன்பட்டிருந்தார். கும்பினி அதிகாரிகளுக்குத் தனித்தனியாகவும் கடன்பட்டிருந்தார். அந்தக் கடனை அடைக்கப் பாளையங்களைப் பிழிந்தார். ஜூன் தொடக்கத்தில் ராமநாதபுரம் விழுந்தது. அது நாச்சியார் பிறந்த வீடு. அதே மாதம் 25ஆம் தேதி கும்பினித் தளபதிகள் ஜோசப் ஸ்மித் ஒரு பக்கமும் பான்ஜோர் இன்னொரு பக்கமுமாகக் காளையார்கோவிலை நெருக்கினார்கள். நாச்சியாரின் கணவர், சிவகங்கை அரசர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். சிவகங்கைக்கு ‘ஹுசேன் நகர்’ என்று பெயர் மாற்றினார்கள்.

இந்தக் கதையின் உண்மையான வில்லன் ஒரு கணக்குப் புத்தகம். அதை ஒரு சீனில் திறந்து காட்டினால் போதும், துரை கத்த வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்று, நவாபைக் காட்டுகிறோம் என்று கிளம்பி இதை மதச் சண்டையாக எழுதிவிடாதீர்கள். இரண்டாம் பாதியில் நாச்சியாருக்குக் கைகொடுக்க வருகிறவர் மைசூரை ஆண்ட ஹைதர் அலி. அவர் வந்து நிற்கும் இடத்தில் உங்கள் கதை உடைந்துவிடும்.

வசனத்தில் ‘பிரிட்டிஷ் அரசு’ என்று யாரையும் பேச வைக்காதீர்கள். அன்றைய வாயில் இருந்த சொல் கும்பினி.

கொடி

இன்று நாம் பார்க்கும் பிரிட்டிஷ் கொடி, யூனியன் ஜாக், 1801இல் வந்தது. 1772 சீனில் அதைப் பறக்கவிடாதீர்கள்.

விக்டோரியா மகாராணி பெயரில் உத்தரவு

அவர் பிறந்ததே 1819இல். நீக்கிவிடுங்கள்.

சீமைக் கருவேலம், அப்புறம் அந்தப் பெரிய கோபுரம்

சிவகங்கைச் சீமையில் லொக்கேஷன் பார்க்கப் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை முள்காடுதான். ‘காளையார்கோவில் காடு இதோ ரெடியாக இருக்கிறது’ என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த மரம் சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம், இந்தியாவுக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். நாச்சியார் கண்ணில் அது பட்டிருக்கவே முடியாது. மூன்று நாள் எடுத்த வைட் ஷாட் அத்தனையிலும் அது நின்றது. ஒரு விவசாயி வேடிக்கை பார்க்க வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பனை இருக்கும் இடம் பாருங்கள், நாட்டுக் கருவேலமும் உடைமரமும் இருக்கும் கண்மாய்க்கரை பாருங்கள்.

காளையார்கோவிலின் உயரமான ராஜகோபுரத்தை முன்னால் வைத்து 1772 போரை எடுக்க எல்லோருக்கும் ஆசை. அதைக் கட்டியவர்கள் மருது சகோதரர்கள் என்று ஊரே சொல்லும். அவர்கள் கைக்கு அதிகாரம் வந்தது 1780க்குப் பிறகு. பக்கத்தில் இருக்கும் சின்னக் கோபுரம்தான் பழையது. கேமராவை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

எட்டு வருடத்தை ஒரு பாட்டில் கடத்துவது

இதுதான். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் படத்தில் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் காளையார்கோவில் போருக்குப் போனது. பத்தொன்பது நாள். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகளுக்குச் சோறு போடவே தனி ஷெட். மிச்சத்தில் பெரும்பகுதியைச் சிவகங்கை மீட்புக்கு ஒதுக்கி வைத்தோம். நடுவில் இருந்த எட்டு வருடத்துக்கு மூன்று நாள் பாட்டு. எழுதியவன் நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

முதல் கட்டம் முடிந்து ரஃப் கட் போட்டுப் பார்த்தோம். முதல் பாதி நன்றாகவே ஓடியது. பாட்டு வந்தது, எழுத்து வந்தது, நாச்சியார் படையோடு வருகிறார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. காஸ்ட்யூமில் வேலை பார்த்த ஒரு அக்கா, மதுரைக்காரர், பின்வரிசையில் இருந்து கேட்டார்: “ஏன் தம்பி, இந்தம்மா எட்டு வருசமா என்னதான் பண்ணுச்சு?”

என்னிடம் பதில் இல்லை. படத்திலும் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க எடிட் டேபிளில் ஒரு மாதம் போராடினோம். திரும்ப எடுக்க வேண்டும் என்று முடிவானபோது கதாநாயகியின் கால்ஷீட் முடிந்திருந்தது, தயாரிப்பாளர் கையில் பணமும் இல்லை. படம் அங்கேயே நின்றுவிட்டது.

சரி, அந்தம்மா என்னதான் செய்தார்?

கணவர் இறந்ததும் மகள் வெள்ளச்சியோடு தப்பித் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குப் போனார். கூடவே பிரதானி (தலைமை அமைச்சர்) தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்கள். அடைக்கலம் கொடுத்தவர் விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர். நவாபின் எதிரியை வீட்டில் வைத்திருப்பது என்றால் தன் பாளையத்தையே பணயம் வைப்பது. நான் படித்த நான்கு ஸ்கிரிப்ட்டில் மூன்றில் அவருக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை.

1772 டிசம்பர் 8ஆம் தேதி தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார். 5,000 குதிரைப்படை, 5,000 காலாட்படை வேண்டும் என்று கேட்டார். அரசர் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. படை உடனே வந்துவிடவில்லை. ஏன் வரவில்லை என்பதில்தான் உங்கள் இரண்டாம் பாதி முழுவதும் இருக்கிறது.

ஹைதருக்கு அவருடைய தலைவலிகள் இருந்தன. மராத்தியரோடு போரிட்டு நிலங்களை இழந்திருந்தார். ஆபத்தில் உதவுவதாக 1769இல் ஒப்பந்தம் போட்ட கும்பினி, மராத்தியர் வந்தபோது கைவிரித்துவிட்டது. இழந்ததை மீட்கவே அவருக்கு வருடங்கள் ஆயின. 1780 ஜூலையில்தான் பெரும்படையோடு கர்நாடகத்துச் சமவெளியில், அதாவது ஆற்காட்டு நவாபின் சீமையில், இறங்கினார். கும்பினிக்கும் நவாபுக்கும் கை நிறைய வேலை வந்தது. நாச்சியார் சிவகங்கைக்குள் நுழைந்த கதவு அதுதான். இடைப்பட்ட காலத்தில் தாண்டவராய பிள்ளை இறந்துபோனார். கடிதம் எழுதியவர் அதன் பலனைப் பார்க்கவில்லை.

கணவன் போய், ஊர் போய், ஊரின் பெயரும் போய், கடைசியில் ஆலோசனை சொன்ன பெரியவரும் போய், அடுத்தவர் மண்ணில் தன் ஆட்களைச் சிதறவிடாமல் ஒரு பெண் எட்டு வருடம் வைத்திருந்தார். காளையார்கோவில் சண்டையைவிட இது பெரிய சண்டை. இதைப் போய் மழைப்பாட்டில் கரைக்கிறோமே!

“கடிதம் எழுதுவதை எப்படிண்ணே சீனாக்குவது?” என்று ஒரு பையன் கேட்டான். நான் பிற்பாடு திருத்தி எழுதிய சீனை அவனுக்குச் சொன்னேன். இரவு. பிள்ளை ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு, “எத்தனை குதிரை கேட்கலாம் நாச்சியார்?” என்கிறார். நாச்சியார் பதில் சொல்லவில்லை. வெளியே முற்றத்தில் அவரோடு வந்தவர்களுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். அகப்பை சட்டியில் இடிக்கும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. அதைக் காதாலேயே எண்ணுகிறார். நேற்றைக்கு இன்று இரண்டு சட்டி குறைவு. இரண்டு பேர் இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டார்கள் என்று அவருக்குப் புரிகிறது. அப்புறம்தான் சொல்கிறார்: “ஐயாயிரம்.”

அடுத்த சீன் ஹைதரின் தர்பார். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அபார நினைவாற்றல். கடிதத்தை வேறொருவர்தான் படிக்க வேண்டும். ஒரு ராணியின் எட்டு வருடம் யாரோ ஒரு எழுத்தரின் குரலில் தொங்குகிறது. இதற்கு ஒரு குதிரைகூட வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

இருபத்தைந்து வயது நாச்சியார்

1730இல் பிறந்தவர். கணவர் இறந்தபோது 42, சிவகங்கையை மீட்டபோது 50. ஐம்பது வயதுப் பெண் குதிரையேறி வருவதைத் தமிழ்த் திரையில் நான் பார்க்க ஆசைப்படுகிறேன். நரையை மறைக்காதீர்கள்.

குயிலி

உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கை அழித்த குயிலியை விட்டுவிட்டு யாரும் இந்தக் கதையை எழுத மாட்டார்கள். அவரை விட்டுவிட்டு எழுதவும் வேண்டாம். ஆனால் குயிலி மக்கள் நினைவில் வாழ்கிறவர், கும்பினியின் காகிதங்களில் தேடினால் கிடைக்க மாட்டார். ஆகவே அந்தக் கதையை ஒரு வாய் சொல்லி இன்னொரு காது கேட்கும் விதமாகக் கொண்டுவாருங்கள். கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோவிலில், நாச்சியாரைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிர்விட்டதாகச் சொல்லப்படும் உடையாளைப் பற்றிச் சொல்லும் பெரியவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள், தொண்டை அடைக்கச் சொல்வார்கள். அந்தத் தொண்டையைப் படத்தில் வையுங்கள். ‘முழுக்க உண்மைச் சம்பவம்’ என்ற அட்டையை மட்டும் போடாதீர்கள்.

துப்பாக்கி

ஒரு குண்டு சுட்டால் மறுபடி மருந்து போட்டுக் கெட்டிக்க வேண்டும். தேர்ந்த சிப்பாய்க்கே நிமிடத்துக்கு மூன்று. படபடவென்று சுட விடாதீர்கள்.

வளரி

வளரி என்பது வளைந்த எறிகோல். ஃபைட் மாஸ்டர்கள் இதை ஐந்து பேர் தலையைச் சீவிவிட்டுக் கைக்குத் திரும்பும் மந்திரக் கோலாக்கிவிடுகிறார்கள். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நூறு கெஜத்துக்குள் குறி தப்பாதாம். அதே வெல்ஷ் 1801இல் மருதுக்கு எதிரான படையில் இருந்தார். கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தவரைப் பிடிக்கப் போகிறார். இதை விட்டுவிட்டு வளரியைப் பம்பரமாகச் சுற்ற விடுகிறோம்.

‘முதல் ராணி’

‘அந்நியரை எதிர்த்த முதல் ராணி’ என்று போஸ்டர் அடிக்கத் தோன்றும். ஆனால் கன்னடக் கரையோர உள்ளாலத்து ராணி அப்பக்கா போர்ச்சுகீசியரை எதிர்த்தது 16ஆம் நூற்றாண்டில். போஸ்டரில் சொல்லை அளந்து போடுங்கள்.

1780இல் முடித்துவிடுவது

நாச்சியார் வாளை உயர்த்துகிறார், ஃப்ரீஸ், பெயர்கள். கைதட்டல் கிடைக்கும். ஆனால் 1783இல் கும்பினித் தளபதி ஃபுல்லார்ட்டன் படையோடு வந்து மறுபடியும் பணம் கேட்டார். கணக்குப் புத்தகம் மூடப்படவே இல்லை. நாச்சியார் 1796இல் இறந்தார். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரையும் அதே வருடம் தூக்கிலிட்டார்கள். முதல் பாதியில் கடன் பத்திரத்தைக் காட்டியிருந்தால், கடைசி ஷாட்டில் அதே பத்திரம் வேறொரு மேசையில் இருக்கட்டும்.

சிவகங்கைப் பையன் போன வாரம் ஸ்கிரிப்ட்டைத் திருத்தி அனுப்பியிருந்தான். பாட்டு போய்விட்டது. அந்த இடத்தில் பதினேழு சீன் இருக்கிறது, அதில் ஆறு சீன் கோபால நாயக்கருக்கு. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் விருப்பாட்சி போகிறோம்.